கடற்கொள்ளையைப் பற்றிப் பேச ஹோப்ஸ் வரை போய் வந்தோம்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஜென்சியும் கோயம்புத்தூர் போய் வந்தோம். மாணவர்களுக்கான கொள்கை விளக்கப் போட்டி. உலகப் பாதுகாப்புப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் இந்தியா என்ன செய்ய வேண்டும் என்று பத்து நிமிடம் மேடையில் சொல்ல வேண்டும். பிறகு மற்ற அணிகள் கேள்வி கேட்கும். திருப்பூர்ப் பக்கமிருந்து இந்த மாதிரிப் போட்டிக்குப் போக நினைப்பவர்களுக்கு, முக்கியமாக வேலைக்குப் போய்க்கொண்டே டியூட்டோரியலில் படிக்கிற பெண்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன். நேரில் கேட்டால் இவ்வளவு சொல்ல மாட்டேன். எனக்குப் பேச வராது. டைப் அடிக்க வரும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்க வேண்டும். இதுதான் என் வேலை. சாயங்காலம் டியூட்டோரியலில் பத்தாம் வகுப்புக்குப் படிக்கிறேன். ஜென்சி அதே கம்பெனியில் டெய்லர். பிரைவேட்டாகப் பிளஸ் டூ எழுதுகிறாள். அவள் வீட்டார் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. என்னைவிட ஒரு வயது பெரியவள். நான் அவளை வாங்க, போங்க என்றுதான் சொல்வேன். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. முதல் நாளே கேட்டாள், "நீங்க நாயக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவீயளோ?" என்று. நாய்க்கு அப்படிச் சொல்வதில்லை என்று பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

டியூட்டோரியல் சார்தான் போட்டி நோட்டீஸைக் கொண்டுவந்தார். இரண்டு பேர் கொண்ட அணி. தமிழிலேயே பேசலாம். தனித்தேர்வு எழுதுகிறவர்களும் சேரலாம். முதலிடம் வருகிற அணியைச் சென்னையில் நடக்கிற அடுத்த சுற்றுக்குப் போட்டி நடத்துகிறவர்களே கூட்டிப்போவார்கள். கூடவே ஒரு மேடம் வருவார், தங்க இடமும் தருவார்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் ஜென்சி பெயர் கொடுத்தாள்.

காரணம் அவளுடைய அண்ணன் டைட்டஸ். சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் வீட்டுக்கு ஒரு போன் வந்துவிடும். கடைசியாகப் பேசியபோது, சோமாலியாப் பக்கத்துக் கடலைத் தாண்டிப் போகிறோம், பத்து நாளில் பேசுகிறேன் என்றாராம். அதற்குப் பிறகு ஒன்றரை மாதமாகப் பேச்சே இல்லை. அந்தக் கடலில்தான் துப்பாக்கியோடு சின்னப் படகில் வந்து கப்பலை மடக்கி, ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார்கள். டிவியில் சொல்லும் கப்பல் பெயர்களில் அவருடைய கப்பல் வரவில்லை. ஆனால் அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் ஆபீஸுக்கு எத்தனை முறை போன் போட்டாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆபீஸ் சென்னையில். நேரில் போய்க் கேட்கலாம் என்றால் அவளுடைய அம்மா தனியாக அனுப்ப மாட்டார். மேடம் ஒருவர் கூட்டிப்போனால் சரி என்று சொல்லிவிட்டார். ஆகவே ஜென்சி ஜெயித்தே ஆக வேண்டும்.

தலைப்பும் அவளே எடுத்ததுதான். ஏடன் வளைகுடாவில் கப்பல் கடத்தல். எங்கள் ஊருக்குப் பொருத்தமும்கூட. நாங்கள் பேக் பண்ணும் டிஷர்ட் தூத்துக்குடியில் ஏறி அந்த வழியாகத்தான் ஐரோப்பா போகிறது. கப்பல் தள்ளிப்போனால் இங்கே எல்லாருக்கும் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். இந்த வருடம் அது இரண்டு தடவை நடந்தது.

கொள்கையைச் சார் சொல்லச் சொல்ல எழுதினோம். நடுவர்களுக்கு உறுதியான முடிவு பிடிக்கும், வழவழ கொழகொழ என்று எழுதக் கூடாது என்றார். கப்பல்கள் கூட்டமாகப் போக வேண்டும், முன்னும் பின்னும் போர்க்கப்பல் போக வேண்டும், கொள்ளையருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நாளைக்கு நூறு படகு வரும். இதுதான் சுருக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் பின்பக்கம் ஜென்சி பேசிப் பார்ப்பாள், நான் படங்களைத் திருப்புவேன். துணி வெட்ட அளவு வரையும் மார்க்கர் பேப்பரில் கட்டிங்கில் மிஞ்சியதன் பின்பக்கத்தில் உலகப்படம் வரைந்திருந்தேன். கப்பல் போகும் வழிக்குச் செக்கிங் ஸ்டிக்கரையே ஒட்டினேன். லைன் சூப்பர்வைசர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "கொள்ளைக்காரனைப் புடிச்சாச்சுங்களா அம்மிணி? புடிச்சாச்சுன்னா அந்தக் காலர் பீஸு நூறும் முடிச்சுக் குடுங்க" என்றார்.

இனிப் பயணம். முதலிபாளையத்திலிருந்து காலை ஆறேகாலுக்கு டவுன் பஸ். திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நாலு ரூபாய், அரை மணி நேரம். ஞாயிறு காலை பஸ் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சந்தைக்கும் சர்ச்சுக்கும் போகிற கூட்டம் அப்போதுதான் கிளம்புகிறது. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து அவிநாசி, கருமத்தம்பட்டி வழியாகப் போகும் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினோம். கோயம்புத்தூருக்குள் நுழையும்போது வரும் ஹோப்ஸ் நிறுத்தத்துக்கு டிக்கெட் பதினாறு ரூபாய். நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ஒன்றரை மணி நேரம் ஆனது.

படத்தை மடிக்கக் கூடாது என்று துணி சுற்றி வரும் அட்டைக் குழாயில் சுருட்டி எடுத்துப் போயிருந்தோம். நாங்கள் நின்றுகொண்டு போனோம். பிரேக் போடும்போதெல்லாம் குழாய் போய் முன் சீட்டுப் பெரியவரின் காதைத் தொட்டது. மூன்றாவது தடவை அவர் திரும்பி, "ஏனுங் கண்ணு, அந்தக் கொழாயை மேல வெச்சுப்போடுங்க. அவனாசி வர்றதுக்குள்ள நான் செவுடாயிருவன்" என்றார். கோபமே இல்லை குரலில். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஜென்சிதான் மன்னிப்புக் கேட்டு, குழாயில் என்ன இருக்கிறது என்று விளக்கி, கருமத்தம்பட்டி வருவதற்குள் அவருக்கு முழுக் கொள்கையையும் சொல்லி முடித்தாள். அவர் இறங்கும்போது, போர்க்கப்பலுக்கு டீசல் யார் போடுவாங்க என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் பதில் தயார் செய்துகொண்டோம். போட்டிக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள், உதவும்.

ஹோப்ஸில் இறங்கினோம். போட்டி நடக்கும் கல்லூரிக்கு ஆட்டோ முப்பது ரூபாய் கேட்டார்கள். நடந்தால் கால் மணி நேரம்தான். நடந்தோம். பெயர் பதியும் மேசையில் ஒரு அக்கா ஆளுக்கு ஒரு பேட்ஜும் ஒரு டீயும் கொடுத்தார். எங்களோடு சேர்த்துப் பதினொரு அணிகள். பெரும்பாலும் கோயம்புத்தூர்ப் பள்ளிக்கூடங்கள், பொள்ளாச்சியிலிருந்து ஒன்று. டை கட்டிய பையன்கள் இருவர் கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் தாக்குதல்களைப் பற்றிப் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். நடுவர்கள் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்தவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவராம். அதைக் கேட்டதும் ஜென்சி என் கையைப் பிடித்தாள்.

சீட்டுக் குலுக்கலில் எங்களுக்கு ஏழாவது இடம். ஜென்சி மேடையில் நின்றால் வேறு ஆள். குரல் கடைசி வரிசை வரை போனது. நான் சரியான இடத்தில் படத்தைத் திருப்பினேன். பணம் கொடுக்கவே கூடாது என்கிற இடம் வந்தபோது மட்டும் அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்துச் சொன்னாள். கேன்டீன் பின்பக்கத்திலும் அந்த வரிக்கு அப்படித்தான், எங்கேயாவது பார்த்துக்கொண்டு சொல்வாள். கைதட்டல் நன்றாக இருந்தது. அந்த டை கட்டிய பையன்களில் ஒருவன் கேட்டான், போர்க்கப்பல் அனுப்ப ஆகும் செலவு யாருடையது என்று. பஸ்ஸில் வந்த அதே கேள்வி. ஜென்சி, "கப்பல் லேட்டாகி, சரக்கைப் பிளைட்ல அனுப்புன மொதலாளிகிட்ட கேட்டுப் பாருங்க, அவரே டீசல் போட்டுக் குடுப்பாரு" என்றாள். நடுவர்கள்கூடச் சிரித்தார்கள்.

கேள்வி நேரத்தில் இன்னும் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. வேறு கேள்வி உண்டா என்று நடுவர் கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை.

செக்கிங் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. டேமேஜ் கண்ணில் பட்டால், தைத்தது யார் என்று பார்க்கக் கூடாது. தோழி தைத்ததாக இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விட்ட பீஸ் பெட்டிக்குள் போய்விட்டால் அது நல்ல பீஸ் ஆகிவிடாது, வேறு யார் கையிலாவது போய்த் திறக்கும். மூன்று வருடமாக அந்த வேலையைச் செய்து என் கைக்கு வேறு பழக்கம் இல்லை. யாரும் பார்க்கவில்லை, விட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் என் கை தானாக மேலே போனது.

"ஏனுங்க, இதுல ஒரு டேமேஜ் இருக்குதுங்க" என்றேன்.

நடுவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு என் பேட்ஜைப் பார்த்தார். "நீ இதே அணிதானேம்மா?" என்றார். ஆமாங்க என்றேன். அரங்கம் முழுக்கச் சிரித்தது. பாதி ஒட்டிய ஸ்டிக்கரை எடுக்க முடியாது. மிச்சத்தையும் சொன்னேன். "இனிமேல் கப்பலைப் புடிக்காம இருக்கறதுக்கு எழுதியிருக்கறமுங்க. இப்பவே புடிச்சு வெச்சிருக்கறவங்களை எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு எழுதலீங்க."

விதிப்படி கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது பேசியவர்தான். எல்லாரும் ஜென்சியைப் பார்த்தார்கள். அவள் மைக்கை விட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். பிறகு அங்கிருந்தே சொன்னாள்.

"அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல சார். எங்கண்ணன் அந்தப் பக்கம் போன கப்பல்ல இருக்கான். ஒன்றரை மாசமாத் தகவல் இல்ல. பணத்தக் குடுத்தாவது கூட்டிட்டு வாங்கன்னுதான் சார் என் மனசுல இருக்கு. இங்க ஜெயிக்கணும்னு மாத்திச் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. நடுவர் பேனாவை எடுத்தார். கப்பலின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார், தனக்குத் தெரிந்த பெயர் இல்லை என்றார். பிறகு, அணி தன் கொள்கையைத் தாங்கிப் பேச வேண்டும் என்பதுதான் போட்டி, அதற்குரிய மதிப்பெண்ணைத் தர முடியாது என்று மெதுவாகச் சொன்னார். அது நியாயம்தான். அடுத்த அணியைக் கூப்பிட்டார்கள்.

மதியம் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது, ஊறுகாய்தான் காரம். மூன்று மணிக்கு முடிவு சொன்னார்கள். டை கட்டிய பையன்கள் முதலிடம். எங்கள் பெயர் மூன்று இடங்களிலும் இல்லை. நாங்கள் குழாயை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பையன்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே, அக்கா, ஏஜென்ட் விலாசம் கொடுங்கள், சென்னையில் நாங்கள் போய்க் கேட்டு வருகிறோம் என்றான். ஜென்சி நன்றி சொன்னாள், கன்னத்தைத் தட்டினாள், விலாசம் கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "மீச மொளைக்காத பயலுவகிட்டயா எங்கண்ணன ஒப்படைக்க?" என்றாள். அன்று மதியத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

திரும்பி வர ரயில் நல்லது. பீளமேடு ஸ்டேஷனில் பாசஞ்சர் நிற்கும். திருப்பூருக்கு ஏழு ரூபாய்தான். பஸ்ஸில் பாதிக்கும் குறைவு. ஞாயிறு சாயங்காலம் உட்கார இடமும் கிடைத்தது. ஜென்சி ஜன்னல் ஓரம். நான் எதிரே. சூலூர் ரோடு தாண்டியது. சோமனூரில் தறிக்காரக் குடும்பம் ஒன்று பாத்திர மூட்டையோடு ஏறியது, கல்யாணம் முடிந்து வருகிறார்கள் போல. அவர்கள் உட்காரும் சத்தத்தில் ஜென்சி என் பக்கம் குனிந்தாள்.

"ஏட்டி கோகிலா. இவ்வளவு நாளா ஒன் வாயிலருந்து 'சரிங்க'வத் தவிர ஒண்ணும் கேட்டதில்ல. தொறக்கதுக்கு ஒனக்கு இன்னைக்குத்தான் நாள் கெடச்சிதா?"

"டேமேஜ் இருந்துச்சுங்க" என்றேன்.

"இருந்துச்சு. எனக்குத் தெரியாதாட்டி? அந்த வரியச் சொல்லும்போதெல்லாம் அவன் எங்கியோ உக்காந்து கேக்க மாதிரியே இருக்கும்." அதோடு முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள். நான் வஞ்சிபாளையம் வரை யோசித்தேன். யோசித்தது நாலே நாலு வார்த்தைதான்.

"நாம ரெண்டு பேரும் போலாங்க."

எங்கே என்றாள். சென்னைக்கு என்றேன். ரயில் கட்டணம் எவ்வளவு, போய்விட்டு அன்று இரவே திரும்பலாமா, லீவு கிடைக்குமா என்று அவள் வரிசையாகக் கேட்டாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் முன்பதிவு கவுண்டருக்கு நேராகப் போனோம். மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைதான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றே அவளுடைய வீட்டுக்குப் போனோம். நான் வாசலோடு நின்றேன். தோற்ற கதையை ஜென்சி சொன்னாள். சென்னைக்கு யார் துணை என்று அவளுடைய அம்மா கேட்டார். ஜென்சி என்னைக் காட்டினாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் புள்ளையா? பஸ்ஸுல டிக்கெட்டு கேக்கதுக்கே வாய் வராதே இதுக்கு. இது வந்து என்னத்தக் கேக்கும்?" என்றார். "நீ இன்னைக்குப் பாத்திருக்கணும்மா" என்றாள் ஜென்சி. அவர் உள்ளே போய் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வந்தார். ஏஜென்ட் ஆபீஸ் விலாசம். ஜென்சியிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் அப்பாவிடம் கேட்க, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். பெண்கள் பெட்டி உண்டா, கப்பலில் போன அந்தப் பையனுக்கு என்ன வயது. இருபத்து நாலு என்றேன். "போயிட்டு வா சாமி" என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே ஸ்டேஷன் போய் நானே வரிசையில் நின்றேன். ஸ்லீப்பர் ஒருவருக்கு இருநூறு ரூபாய்க்குள் வந்தது. வெள்ளி இரவு ஏறி, சனி இரவு அங்கிருந்து திரும்புகிறோம். எத்தனை பேர் என்று கவுண்டரில் கேட்டபோது இரண்டு பேருங்க என்று முதல் தடவையிலேயே கேட்கிற மாதிரி சொன்னேன்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு: தண்ணீர் பாட்டிலும் கைக்குட்டையும் கொண்டு போங்கள். படத்தைக் குழாயில் வைத்தால் பஸ்ஸில் நிமிர்த்திப் பிடியுங்கள். போகும்போது பஸ், வரும்போது ரயில், ஒருவருக்கு முப்பத்தொரு ரூபாயில் எல்லாம் முடிந்துவிடும். தோற்றாலும் சாப்பாடும் சான்றிதழும் உண்டு. கொள்கையை முதல்நாளே ஒருமுறை வெளி ஆளிடம் காட்டி, எதை விட்டோம் என்று பாருங்கள். மேடையில் உங்கள் அணியையே கேள்வி கேட்காதீர்கள் என்றும் எழுதியிருக்க வேண்டும். எழுதிப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன்.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். சனி விடியற்காலை சென்ட்ரலில் இறங்குவோம். ஆபீஸ் பாரிமுனையில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி. சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடலாமா? பஸ் என்றால் எந்த எண்? சனிக்கிழமை இந்த மாதிரி ஆபீஸ்கள் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், திறக்கும் வரை இரண்டு பெண்கள் எங்கே உட்காரலாம்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வெள்ளி மதியம் வரை பிரௌசிங் சென்டருக்கு வந்து பார்ப்பேன்.

ஜென்சி மாடிப்படி வரைதான் வருவாள். பதிலைத் தன் காதால் முதலில் கேட்க முடியாது என்கிறாள். உள்ளே போய்க் கேட்பது நான்தான். கப்பல் இப்போது எங்கே, டைட்டஸ் என்பவர் நன்றாக இருக்கிறாரா. செக்கிங் மேசையில் துணியைத் திருப்பும்போதெல்லாம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.